இந்த வரிசை முடியட்டும்

மூன்று வருடத்துக்கு முன் சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கூடுவாஞ்சேரியிலிருந்து தாம்பரத்துக்கு ஒரு வெள்ளை நூல் தண்டவாளத்தின் ஓரமாகத் தனியாக வந்து சேர்ந்தது. ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர் என்று வழியிலிருந்த எல்லா நிலையங்களிலும் சற்று நின்றுவிட்டுத்தான் கிளம்பியது. விரைவு வண்டிகள் அதன்மேல் ஏறிப் போயின, அறுபடவில்லை. தண்டவாளத்தில் வேலை பார்க்கும் குப்பன் பெருங்களத்தூரில் அதைப் பார்த்துவிட்டுக் கூடவே நடந்தான். நூல் தாம்பரத்தில் மேம்பாலப் படிகளில் ஜனத்தோடு ஜனமாக ஏறி, கிழக்குப் பக்கம் இறங்கி, மார்க்கெட்டைக் கடந்து, ஞானமணி தெருவில் ஹில்டாவின் வீட்டு கேட்டுக்கு அடியில் நுழைந்தது. "இன்னாமா இது, உன் நூலு ஸ்டேஷன் ஸ்டேஷனா நின்னுகினு வந்துகீது? டிக்கெட்டு எடுத்துச்சா, இல்லியா?" என்று குப்பன் வாசலிலிருந்து கேட்டான். ஹில்டா ஒரு விரலை உயர்த்திக் காட்டினாள். குப்பன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பிப் போனான்.

அந்த விரலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ஹில்டா குரோஷா போடுகிறவள். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு வாங்கிக்கொண்டவள், ஐம்பதைக் கடந்தவள், சபைப் பாடகர் குழுவில் இரண்டாம் குரல். கையில் ஊசியை எடுத்துவிட்டால் அவளுக்கென்று சில வழக்கங்கள் உண்டு. நூல் பறக்கும் என்று மின்விசிறியை நிறுத்திவிடுவாள், கத்திரி வெயிலாக இருந்தாலும் சரி. நூல்கண்டு உருண்டு ஓடாமலிருக்க அதை மூடியில்லாத பழைய குக்கருக்குள் போட்டு வலது காலருகே வைத்துக்கொள்வாள். இடது காலை மடித்து நாற்காலிமேல் ஏற்றிக்கொள்வாள். டீ போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் ஆடை கட்டி, ஆடைமேல் எறும்பு நடந்து அக்கரை சேரும்வரை தொடமாட்டாள். சிக்கலான திருப்பம் வந்தால் நாக்கு நுனி வாயின் ஓரத்தில் எட்டிப் பார்க்கும். நூல் முறுக்கிக்கொண்டால், "ஏண்டி, ஒனக்கு என்ன கேடு?" என்று நூலைத் திட்டுவாள். வரிசையின் நடுவில் மனிதர்களோடு பேசமாட்டாள். யார் என்ன கேட்டாலும் ஒரு விரல் மேலே போகும். 'இந்த வரிசை முடியட்டும்' என்று அதற்கு அர்த்தம். போதகர் அந்த விரலுக்குக் காத்திருக்கிறார். கேஸ் சிலிண்டர் காத்திருக்கிறது. மாமியார் இறந்த செய்தியைச் சொல்ல நாத்தனார் ஷீலா ஓடி வந்தபோதும் அந்த விரல் உயர்ந்தது, வரிசை முடிந்த பிறகுதான் ஹில்டா அழ ஆரம்பித்தாள். "எங்கம்மா செத்துட்டாங்கன்னு சொல்றேன், வெரல காட்றாங்க" என்று ஷீலா இதைப் பதினைந்து வருடமாக எல்லாக் கல்யாண வீட்டிலும் சொல்லிவந்தாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஹில்டாவின் கணவர் தயாளன் செங்கல்பட்டு மின்சார ரயிலில் கார்டாக இருந்தவர். கல்யாணமான புதிதில் அவர் வேலைக்குப் போனதும் ஹில்டா வாசலில் உட்கார்ந்து பின்னுவாள். கண்ணிகளை ஒன்று இரண்டு என்று எண்ணமாட்டாள். தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி என்று நிலையங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே செங்கல்பட்டுவரை போவாள். தப்பாகப் போட்டதைப் பிரிக்கும்போது செங்கல்பட்டிலிருந்து திரும்பி வருவாள். அது அவர் வீட்டுக்கு வரும் திசை. இன்னொரு வழக்கமும் இருந்தது. பின்னி முடித்ததும் கடைசிக் கண்ணியை முடிச்சுப் போடமாட்டாள். நூலை அறுத்துவிட்டு, கண்ணியை ஒரு ஊக்கில் மாட்டி வைப்பாள். கண்டில் மிச்சமிருக்கும் நூலைத் தனியாகச் சுற்றி எடுத்து வைப்பாள். அந்தப் பொருள் யாருக்கோ அவர் வீட்டுக்கு வரவேண்டும், எதிரே உட்காரவேண்டும். ஹில்டா அவருடைய பெயரை வாய்விட்டுச் சொல்லி, ஊக்கை எடுத்து, முடிச்சைப் போட்டு, நுனியைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுக் கொடுப்பாள். பெயர் சொல்லாமல் முடிச்சுப் போட்டால் அந்தப் பொருள் யாருடையது என்று அதற்கே தெரியாது என்பாள்.

கேட்கிறவர்கள் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு டெபோரா அவசரத்தில் ஊக்கோடு எடுத்துக்கொண்டு போன டிவி விரிப்பு ஒன்று சிரிப்பை நிறுத்தியது. சில நாள் கழித்து ஹில்டா வேறொரு வேலையில் தவறு கண்டு, அதே கண்டின் மிச்ச நூலைக் கையில் பிடித்தபடி செங்கல்பட்டிலிருந்து பின்னோக்கிச் சொல்லிக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டில் விரிப்பு தானாகப் பிரிந்து, காம்பவுண்டுச் சுவரேறிக் குதித்து, ஜன்னல் வழியாக வந்து குக்கருக்குள் சுருண்டுகொண்டது. டெபோரா விஷயம் தெரிந்தவள். மறுநாளே வந்து எதிரே உட்கார்ந்து பெயரைச் சொல்லவைத்துப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு போனாள். அதன்பிறகு ஞானமணி தெருவில் யாரும் ஹில்டாவின் ஊக்கோடு விளையாடியதில்லை.

முடிச்சுப் போடாத பொருள் ஒன்றே ஒன்று அந்த வீட்டு பீரோவில் நிரந்தரமாக இருந்தது. வெள்ளை நூலில் பின்னிய ஞானஸ்நான அங்கி, ஒரு முழம்கூட இல்லாதது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஹில்டா தன் மகளுக்காகப் பின்னியது. குழந்தை ஏழாம் மாதத்தில் மூச்சில்லாமல் பிறந்தது. அதற்கு வைத்திருந்த பெயர் ஹில்டாவுக்கும் தயாளனுக்கும் மட்டும் தெரியும். கல்லறைத் தோட்டத்தில் அந்தப் பெயரை எழுதவில்லை, உறவில் யாருக்கும் சொல்லவில்லை. எதிரே உட்கார ஆள் இல்லாததால் அங்கியில் முடிச்சும் விழவில்லை. வருடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து வெயில் காட்டி, ஊக்கு துருப்பிடித்திருந்தால் மாற்றி, திரும்ப உள்ளே வைப்பாள். அதன் மிச்ச நூல் சிறு உருண்டையாகப் பீரோவின் உள் அறையில் கிடந்தது.

ஷீலா மேடவாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தாள். கணவன் சுகுமார் ஓ.எம்.ஆர். பக்கம் கணினி வேலை. பொழுது போகாமல் ஷீலா கைவினைப் பொருள்கள் விற்க ஆரம்பித்தாள். அவளுக்குக் குரோஷா ஊசியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. ஆனால் பேசத் தெரியும், படம் பிடிக்கத் தெரியும். "அண்ணி, சும்மா எங்க அப்பார்ட்மென்ட்ல ஒரு ஸ்டால். காட்டிட்டு அப்படியே கொண்டாந்துடறேன்" என்று குஷன் உறை, போன் பை, மேஜை விரிப்பு என்று பை பையாக எடுத்துப் போனாள். எதுவும் திரும்பி வரவில்லை. எல்லாவற்றிலும் தொங்கிய ஊக்கு அவளுக்கு வசதியாகப் போயிற்று. 'ஷீலாவின் கைவண்ணம்' என்று அச்சடித்த சின்ன அட்டையை அந்த ஊக்கிலேயே, திறந்து கிடந்த கடைசிக் கண்ணியோடு சேர்த்து மாட்டினாள். ஹில்டாவுக்குத் தெரியும், பேசாமல் இருந்தாள். நாத்தனார்தானே, போகட்டும் என்று விட்டாள். அப்படி விட்டதுதான் ஷீலாவுக்குக் குளிர்விட்டுப்போகக் காரணம் என்று டெபோரா இன்றைக்கும் சொல்கிறாள்.

ஹில்டாவும் தயாளனும் ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி போனபோது செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சாவியை ஷீலாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்து பத்து நாள் இருக்கும். மாலையில் ஹில்டா பின்னிக்கொண்டிருந்தபோது டெபோரா கையில் போனோடு வந்தாள். "அக்கா, இதப் பாருங்க." விரல் உயர்ந்தது. டெபோரா நின்றாள். வரிசை முடிந்ததும் ஹில்டா போனை வாங்கிப் பார்த்தாள். ஷீலா சோபாவில் உட்கார்ந்திருந்தாள், மடியில் அந்த அங்கி. கண் கலங்கியிருந்தது. "இது என்னோட பேபிக்காக நானே என் கையால போட்டது, ஃபிரெண்ட்ஸ். அவ வரல. அவளுக்கு ஏஞ்சல்னு பேர் வச்சிருந்தேன். இத்தனை வருஷம் பத்திரமா வச்சிருந்தேன். இன்னைக்கு இன்னொரு கொழந்தைக்குக் குடுக்கப் போறேன்" என்றாள். கீழே ஆயிரக்கணக்கான பேர் இருதயம் போட்டிருந்தார்கள். அங்கி ஏற்கெனவே விற்றுப்போயிருந்தது.

ஹில்டா போனைத் திருப்பிக் கொடுத்தாள். பீரோவைத் திறந்து பார்த்தாள், மூடினாள். அவளுக்குப் பொருள் போனது பெரிதில்லை. செத்த பிள்ளையை எடுத்துக்கொண்டார்கள், அதற்கு இன்னொருத்தி பெயர் வைத்துவிட்டாள், அந்தப் பெயரைச் சொல்லி ஊரே அழுகிறது. நாற்காலியில் உட்கார்ந்து, இடது காலை மடித்து, ஷீலா கொண்டுபோன ஒவ்வொரு பொருளின் மிச்ச நூலையும் பிஸ்கட் டப்பாவிலிருந்தும் பீரோவின் உள் அறையிலிருந்தும் எடுத்து வரிசையாக மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு முதல் நுனியைப் பிடித்து, "செங்கல்பட்டு" என்றாள்.

அந்த வாரம் மேடவாக்கத்தில் நடந்ததை அங்கிருப்பவர்கள் இன்னும் பேசுகிறார்கள். வீடியோ காலில் மேலதிகாரியோடு பேசிக்கொண்டிருந்த ஹரிபிரசாத் என்பவரின் முதுகுக்குப் பின்னாலிருந்த குஷன் உறை உரிந்து பால்கனி வழியாக இறங்கிப் போனது. சாப்பாட்டு மேஜையில் விரிப்பு பிரிந்தபோது தட்டுகள் அசையவில்லை, ரசம் சிந்தவில்லை. மேடவாக்கத்துக்கு ரயில் கிடையாது என்பதால் நூல்கள் தண்ணீர் லாரிகளின் பின்னால் தொற்றிக்கொண்டு, செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர் வழியாக நெரிசலில் ஊர்ந்து வந்தன. சேலையூர் சிக்னலில் போக்குவரத்துக் காவலர் அவற்றைப் பார்த்தார். ஹெல்மெட் விஷயத்தில் மும்முரமாக இருந்ததால் விட்டுவிட்டார். குக்கர் நிறைந்து, இட்லிப் பானை நிறைந்து, அண்டாவுக்குப் போனது. போன் மேல் போனாக ஷீலாவுக்கு வசவு விழுந்தது. அவள் கைவண்ணத்தின் லட்சணம் இதுதானா என்று கேட்டார்கள்.

கடைசியாக அங்கியின் மிச்ச நூல் மடியில் இருந்தது. அதை வாங்கிய கிறிஸ்டி கூடுவாஞ்சேரிக்காரி. ஞாயிற்றுக்கிழமை காலை அவள் மகன் எபிக்கு ஞானஸ்நானம் என்று டெபோரா விசாரித்துச் சொல்லியிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஹில்டா நூல் நுனியைப் பிடித்தபோது தயாளன் எதிரே வந்து நின்றார். "அத இப்ப ஒரு கொழந்தை போட்டிருக்கு, ஹில்டா."

"தெரியுங்க."

"பிரிச்சிட்டா நமக்கும் இல்லாமப் போயிடும். நூலுதான் வரும், சட்டை வராது."

அதற்கும் அவள் யோசித்து வைத்திருந்தாள். "இல்லாமப் போகட்டும். ஏஞ்சலோட சட்டையா இருக்க வேணாம்" என்றாள். பிறகு விரல் உயர்ந்தது. தயாளன் நகர்ந்துகொண்டார். கூடுவாஞ்சேரி ஆலயத்தில் போதகர் தண்ணீரைத் தெளித்த நேரத்தில் அங்கி கழுத்திலிருந்து பிரிய ஆரம்பித்தது. எபி கூச்சத்தில் வாய்விட்டுச் சிரித்தான். வெறும் உடம்போடு ஞானஸ்நானம் பெற்று நல்லபடியாக வீட்டுக்குப் போனான். கிறிஸ்டி அட்டையிலிருந்த எண்ணைக் கூப்பிட்டு ஷீலாவை என்ன சொன்னாள் என்பதை எழுத முடியாது. நூல் ரயில் நிலையத்தைத் தேடிப் போய், தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டது. அதைத்தான் குப்பன் பார்த்தான்.

இதோடு முடிந்திருக்கும். ஷீலா முடிச்சு விழவேண்டிய இடத்தில் தன் பெயரை மாட்டியிருந்தாள், கெடுதல் அதில்தான் இருந்தது. பெயர் ஏறிவிட்டது, முடிச்சு விழவில்லை. நூல்கள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகும் அவிழ்வது நிற்கவில்லை, பெயர்க்காரியைத் தேடிப் போயிற்று. முதலில் அவளுடைய ஜாக்கெட்டின் தோள் தையல் விட்டது. பிறகு நைட்டி. பிறகு கைப்பை, செருப்பு வார், தலையணை, திரைச்சீலை. சோபா ஒரு மத்தியானத்தில் பஞ்சாகக் கொட்டியது. தையல்காரர் ஸ்ரீநிவாசன் இரட்டைத் தையல் போட்டார், நைலான் நூலில் போட்டார், கடைசியில் ஷீலாவின் துணியைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். உடம்பில் படும் எந்தத் தையலும் ஒரு மணி நேரம் தாங்கவில்லை. அவள் தையலில்லாத புடவையை மேலும் கீழுமாகச் சுற்றிக்கொண்டு, அதன்மேல் ஒட்டிச் செய்த பிளாஸ்டிக் மழைக்கோட்டு போட்டு, மே மாதத்தில் காய்கறி வாங்கினாள். பூசணிக்காய் நறுக்கும்போது கையில் ஆழமாகப் பட்டு, ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியிலேயே அது பிரிந்துவிட்டது. திரும்பப் போட்டார்கள், திரும்பப் பிரிந்தது. பிளாஸ்திரி வைத்து இறுக்கித்தான் ரத்தத்தை நிறுத்தினார்கள். பித்தப்பையில் கல் இருந்தது அவளுக்கு, கத்தி வைக்க வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். சுகுமார் அன்றைக்குத்தான் பயந்தான். "போய் உங்க அண்ணி கால்ல விழு" என்றான்.

ஷீலா வெயில் சுட்டெரித்த ஒரு பகலில், மழைக்கோட்டோடு, ஆட்டோவில் ஞானமணி தெருவுக்கு வந்து இறங்கினாள். தெருவில் எல்லா ஜன்னலும் திறந்துகொண்டன. யாருக்கும் பரிதாபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் திருப்தியாகவே இருந்தது. ஹில்டா நாற்காலியில் இருந்தாள். மின்விசிறி நின்றிருந்தது. அங்கியிலிருந்து வந்த வெள்ளை நூலில் அப்போதுதான் ஒரு வட்டத்தைத் தொடங்கியிருந்தாள். "அண்ணி, மன்னிச்சிடுங்க. எம் பேருக்கு ஒரு முடிச்சு போட்டுடுங்க, போதும்" என்று ஷீலா தரையில் உட்கார்ந்தாள். விரல் உயர்ந்தது. ஷீலாவுக்கு அந்த விரல் பழக்கம்தான். வரிசைதானே, முடியட்டும் என்று பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

பின்னத் தெரிந்திருந்தால் அவள் அப்போதே புரிந்துகொண்டிருப்பாள். வட்டம் பின்னுகிறவர்கள் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கடைசிக் கண்ணியை முதல் கண்ணியோடு கோத்துவிட்டு அடுத்த சுற்றுக்கு ஏறுவார்கள். அப்போதுதான் அது வரிசை. கோக்காமல் அப்படியே மேலே ஏறிப் போனால் கொசுவர்த்திச் சுருளைப்போலப் போய்க்கொண்டே இருக்கும். வரிசை என்று ஒன்று கிடையாது, அதனால் முடிவதும் கிடையாது. ஹில்டா கோக்காமல் ஏறினாள். செங்கல்பட்டுவரை போய், அங்கிருந்து திரும்பாமல் மறுபடி தாம்பரத்தில் தொடங்கினாள்.

நூல் தீர்ந்துவிடும் என்று தெருவே எதிர்பார்த்தது. தீரவில்லை. ஷீலாவின்மேல் அவிழும் தையல்நூல் எல்லாம் தரையில் ஊர்ந்து குக்கருக்குத்தான் போகிறது. சுகுமார் வாரா வாரம் மளிகையோடு புது நைட்டி கொண்டுவந்து கொடுக்கிறான். ஷீலா மழைக்கோட்டுக்குள் அதை மாட்டிக்கொள்வதற்குள் பாதி நூல் ஹில்டாவின் ஊசிக்கு வந்துவிடுகிறது. ஷீலா வீட்டுக்குப் போவதில்லை. தான் இல்லாத நேரமாகப் பார்த்து வரிசை முடிந்துவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்குப் பயம். ஹில்டா சமைக்கிறாள், சபைக்குப் போகிறாள், டெபோராவோடு சிரித்துப் பேசுகிறாள். ஷீலாவின் தட்டில் சோறு போடும்போது மட்டும் இடது கையில் அந்த விரல் நிற்கிறது. விரிப்பு கூடத்தை நிறைத்து, நாற்காலிக் கால்களைச் சூழ்ந்து, சுவரில் முழங்கால் உயரம் ஏறிவிட்டது. சிலிண்டர் கொண்டுவருகிற ஏசுபாதம் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்து உள்ளே போய், வெளியே வரும்போது இரண்டு பேருக்கும் வணக்கம் சொல்கிறார்.

ஷீலா கேட்காத மன்னிப்பு இல்லை. வீடியோவை அழித்தாள். ஹில்டாவின் பெயரைச் சொல்லி வேறு வீடியோ போட்டாள். விற்ற பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். முழங்காலில் நின்று ஜெபித்தாள். அம்மா செத்த கதையை இனி யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தாள். பித்தப்பை வலிக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "நான் செத்துருவேன் அண்ணி" என்று அழுதாள். ஊசி நிற்கவில்லை.

எதற்கு நிற்கும் என்று தயாளனுக்குத் தெரியும். ஷீலா வந்த முதல் நாளே சமையலறையில் ஹில்டா அவரிடம் சொல்லிவிட்டாள். "எம் பொண்ணுக்கு என்ன பேர் வச்சிருந்தீங்கன்னு அவ வாயால ஒரு தடவ கேக்கட்டும். கேட்ட நிமிஷம் முடிச்சு போட்டுடறேன். நீங்க சொல்லிக்குடுக்கக் கூடாதுன்னு இல்ல. உங்க தங்கச்சி, உங்க இஷ்டம்." அந்தப் பெயர் எங்களுக்கும் தெரியாது. தெரிந்தாலும் இங்கே எழுதமாட்டோம். வட்டத்தின் நட்டநடுவே முதல் கண்ணியைப் போடும்போது ஹில்டாவின் உதடு அசைந்ததை டெபோரா பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான்.

ஷீலா அந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை. மூன்று வருடமாகத் தன் ஜாக்கெட்டைப் பற்றிப் பேசுகிறாள், தன் கையைப் பற்றிப் பேசுகிறாள், தன் வயிற்றைப் பற்றிப் பேசுகிறாள். தயாளன் தினமும் சாயங்காலம் இரண்டு பேருக்கும் காபி கலக்கும்போது, இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் டம்ளரை எடுக்கிறார். கூடப் பிறந்தவள், அவர் தூக்கி வளர்த்தவள். விரிப்பின் மேல் மெதுவாக நடந்து அவள் முன்னால் போய் நிற்கிறார். அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். அந்த முகம் சோபாவில் உட்கார்ந்து கண் கலங்கி ஏஞ்சல் என்று சொன்னது அவருக்கு ஞாபகம் வருகிறது. டம்ளரை அவள் கையில் கொடுக்கிறார்.

"சக்கரை போதுமா பாரு" என்கிறார்.

ஷீலா ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, போதும் அண்ணா என்கிறாள்.